பிரான்சுக்குப் போகாத மனிதர்

ஒரு மனிதர் தன் மனைவியை விட்டுவிட்டு பிரான்சுக்குப் போய்விட்டார் என்று நான் ஏழு வருடம் பொய் சொன்னேன். அவர் வீட்டு வாசலில் நின்றே சொன்னேன். அப்போதெல்லாம் அவர் உள்ளே, தெரு ஜன்னலை ஒட்டிய கட்டிலில் படுத்து, நான் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

புதுச்சேரிப் பள்ளிகளில் முப்பது வருடத்துக்கு மேல் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தவன் நான். ஓய்வு பெற்றதும் கருவடிக்குப்பத்து வீட்டில் உட்கார்ந்து ஒரே செய்தித்தாளை இரண்டு முறை படிக்கும் நிலைக்கு வந்துவிட்டேன். பழைய மாணவர் ஒருவர் வாய்க்காலுக்குக் கிழக்கே, பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய பகுதியில், விடுதி நடத்துகிறார். "சார், ஞாயித்துக்கெழம காலையில நம்ம கெஸ்ட்டுங்களுக்கு ஊர சுத்திக் காட்டுங்களேன். நீங்க பேசினா கேட்டுக்கிட்டே இருக்கலாம்" என்றார். அந்தக் கடைசி வாக்கியத்தில் நான் விழுந்தேன்.

கடற்கரைச் சாலையில் ஆறு மணிக்கு ஆரம்பிப்போம். ஏழரைக்குத் தடுப்பை எடுத்து வண்டிகளை விட்டுவிடுவார்கள். அதற்குள் காந்தி சிலை, பழைய கலங்கரை விளக்கம் எல்லாம் முடிந்துவிட வேண்டும். சிவப்புத் தொப்பி போலீஸ்காரர் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளாமல் யாரும் நகரமாட்டார்கள். பிறகு மஞ்சள் சுவர்கள், காகிதப்பூக் கொடிகள், ஆள் அரவமில்லாத தெருக்கள். அங்கே யாருக்கும் கால் வலிக்காது. பெரிய வாய்க்காலைத் தாண்டி மேற்கே வந்ததும் வலிக்கத் தொடங்கும். தமிழ் வீடுகளின் மரத்தூண்களைப் பற்றி நான் சொல்லச் சொல்ல ஆளுக்கொரு பக்கம் கைப்பேசியில் முகத்தைப் புதைத்துக்கொள்வார்கள். "சார், டிபன் எங்க?" என்று யாராவது கேட்டுவிடுவார்கள்.

டிபன் கடைசியில்தான். தெற்கே, பள்ளிவாசலுக்குப் பின்தெருவில் ஒரு பாய் கடை. ஆப்பமும் ஆட்டுக்கால் பாயாவும், சைவக்காரர்களுக்கு வெங்காய சமோசா. நான் பிரெஞ்சு வாத்தியார் என்பதால் கடைக்கார பாய் என்னை "முசியே" என்றுதான் கூப்பிடுவார். மரியாதை பாதி, கிண்டல் பாதி.

அந்தக் கடைக்கு நான்கு வீடு முன்னால் ஒரு பச்சை ஜன்னல். முக்காடு போட்ட ஒரு அம்மா அதன் கம்பியைப் பிடித்தபடி தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்பார். முதல் வருடத்தில் ஒருநாள், சென்னையிலிருந்து வந்த ஒரு பெண் கேட்டார். "யாரு சார் அவங்க? யாருக்காக வெயிட் பண்றாங்க?"

எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். வகுப்பில் அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்ததே இல்லை. தெரியாததை எவனாவது கேட்டால் "நாளைக்குச் சொல்றேன், உக்காரு" என்பேன். ஊர் பார்க்க வந்தவர்களுக்கு ஏது நாளை? "புருஷன் பிரான்சுக்குப் போனார். பேப்பர் கிடைத்ததும் கூட்டிக்கொள்கிறேன் என்று சொல்லிப் போனவர். கடிதம் வருமென்று இந்த அம்மா தினமும் நிற்கிறார்" என்றேன். இந்த ஊரில் அப்படி நடந்ததாக எல்லோருமே ஒரு கதை கேட்டிருப்போம். அது தயாராக நாக்கில் வந்து நின்றது.

கூட்டம் அடங்கிப்போயிற்று. ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாயா சாப்பிடும்போதும் அதையே பேசினார்கள். முப்பது வருடப் பாடத்தில் எனக்குக் கிடைக்காத அமைதி அது. அடுத்த ஞாயிறும் சொன்னேன். போகப்போகக் கதை வளர்ந்தது. நீலநிற உறை வந்தது, அதில் பிரெஞ்சு முத்திரை வந்தது. கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற குரலில் சொன்னேன்.

ஒரு கட்டத்தில் அந்த ஜன்னல் மூடியே இருக்க ஆரம்பித்தது. நான் அதையும் கதையில் சேர்த்துக்கொண்டேன். நம்பிக்கை போய்விட்டது, ஜன்னலை மூடிவிட்டார் என்றேன்.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டின் முன் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தன. தொப்பி அணிந்த ஆண்கள் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். கூட்டத்தைக் கடைக்குள் அனுப்பிவிட்டு பாயிடம் விசாரித்தேன்.

"அந்த வூட்டுப் பெரியவரு மௌத்தாயிட்டாரு முசியே. ராத்திரி உசுரு போச்சு."

"எந்தப் பெரியவர்?"

"அந்தம்மா வூட்டுக்காரரு."

"பிரான்ஸ்லேர்ந்து எப்ப வந்தாரு?"

இதைக் கேட்டது நான்தான். என் பொய்யை நானே நம்பியிருந்தேன். பாய் கரண்டியைக் கீழே வைத்தார்.

"பிரான்சா? அவரு இந்த ஊர வுட்டு ஒரு ராத்திரி வெளிய தங்கினதில்ல. பண்டாரி முசியே, கல்யாணத்துக்கெல்லாம் பிரியாணி ஆக்குனவரு. ஒரு பக்கம் கை காலு இழுத்துக்கிட்டு எட்டு வருஷமா அந்த ஜன்னலாண்டதான் கெடந்தாரு."

மறுநாளே போய் அந்த அம்மாவின் காலில் விழுந்துவிட நினைத்தேன். பாய் தடுத்தார். "இப்ப போவாதீங்க. இத்தாவுல, புருசன் போன துக்கத்துல இருக்காங்க. நாலு மாசம் பத்து நாளு. வெளி ஆம்பளைங்கள பாக்கமாட்டாங்க."

அத்தனை நாளும் காத்திருந்தேன். மன்னிப்புக் கேட்கக்கூட நாள் வரவேண்டும் என்பது எனக்குச் சரியான தண்டனையாகத்தான் பட்டது. விடுதிக்காரரிடம் முழங்கால் வலி என்று சொல்லி ஞாயிறு நடையை நிறுத்தினேன். அதுவும் பொய்தான்.

நாள் முடிந்ததும் என் மனைவியை அழைத்துக்கொண்டு போனேன். அந்த அம்மாவே கதவைத் திறந்தார்.

"வாங்க வாத்தியாரே. ஒங்க கொரல் நல்லாத் தெரியும். மூஞ்சியத்தான் இப்ப கிட்டக்க பாக்கறேன். ஒக்காருங்க."

கட்டில் இன்னும் ஜன்னலை ஒட்டியே கிடந்தது. மெத்தையைச் சுருட்டியிருந்தார்கள். நான் செய்ததை ஒளிக்காமல் சொன்னேன். அந்த அம்மா கட்டிலைப் பார்த்தபடி சொன்னார்.

"மொதல்ல அவரு சிரிச்சாரு. ஞாயித்துக்கெழம ஆனா, 'ஏண்டி, ஒம் புருசன் பிரான்ஸ்லேர்ந்து சென்ட்டு அனுப்பிச்சானா?'ம்பாரு. 'அனுப்பிச்சாரு, ஒங்களுக்குத்தான் தரமாட்டேன்'பேன் நான்." சொல்லும்போது அவர் முகத்தில் அந்தச் சிரிப்பு கொஞ்சம் இருந்தது. "அப்புறம் பேச்சு கொழறிடுச்சி. ஒருநாளு நீங்க சொல்லிட்டுப் போனதும், 'நான் எங்கடி போனேன்? ஒன்ன வுட்டுட்டு எங்க போனேன்?'னு அழுதாரு. ஜன்னல மூடுன்னாரு."

என் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள்.

"தெருவுல நடக்கறத அவருக்குச் சொல்லத்தான் நான் அங்க நிப்பேன் வாத்தியாரே. என்னா மீனு வருது, யாரு புது வண்டி வாங்கினா, யாரு வூட்ல சண்ட. மூடினப்புறம் சொல்றதுக்கு ஒண்ணுமில்ல."

"ஒரு தடவ வெளியில வந்து என்னைத் திட்டியிருக்கலாமேம்மா" என்றேன்.

"அத்தினி பேரு எதிருலயா? நீங்க ஒரு தடவ கதவத் தட்டிக் கேட்டிருக்கலாமே."

மன்னித்துவிடுங்கள் என்றேன். "எம் பங்குக்கு மன்னிச்சுட்டேன். அவரு பங்கு எங்கிட்ட இல்ல" என்றார். தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "பொய்யச் சொன்ன எடத்துலயே நின்னு நெசத்தச் சொல்லுங்க. அதே கொரல்ல சொல்லுங்க" என்றார்.

கருவடிக்குப்பம் வந்ததும் என் மனைவி, "ஞாயித்துக்கெழம நானும் வரேன். நீங்க சொல்றத நானும் கேக்கணும்" என்றாள்.

மறுபடி நடக்கத் தொடங்கினேன். அந்த வீட்டின் முன் நின்று, இங்கே ஏழு வருடம் ஒரு பொய் சொன்னேன் என்று ஆரம்பித்து முழுவதையும் சொல்கிறேன். சிலர் சங்கடப்பட்டுக் கடைப் பக்கம் நகர்ந்துவிடுகிறார்கள். "சார், பழைய கதைதான் நல்லாருக்கு" என்றார் ஒருவர். படம் எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பெரும்பாலும் கேட்கிறார்கள்.

ஆனால் பொய் என்னைவிட வேகமாக நடக்கிறது. ஒரு ஆட்டோக்காரர் தன் சவாரிகளை அங்கே நிறுத்தி பிரான்சுக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொன்னதில் அந்த அம்மா தினமும் ஜன்னலில் விளக்கு வேறு ஏற்றுகிறார். பொய் என்று அவரிடம் சொன்னேன். "நீங்க சொல்லித்தான முசியே எனக்கே தெரியும்?" என்றார். நான் நிற்கும்போது மட்டும் ஆட்டோவை நிறுத்தாமல் போகிறார். யார் யார் கைப்பேசியிலோ என் குரலில் பதிவாகிப் போனதை நான் எங்கே போய்த் திருத்துவேன்?

இரண்டு மாதத்துக்கு முன் ஒருநாள் வழக்கம்போல் சொல்லிக்கொண்டிருந்தேன். "அவர் இந்த ஊரை விட்டு ஒருநாளும் வெளியே போனதில்லை" என்றேன்.

மூடிய ஜன்னலுக்குள்ளிருந்து குரல் வந்தது. "கடலூருக்கு ரெண்டு தடவ போனாரு. கல்யாணச் சமையலு. ரெண்டு தடவையும் அன்னிக்கே வந்துட்டாரு."

எல்லோரும் ஜன்னலைப் பார்த்தார்கள். நான் தவறைத் திருத்தி, கடைசி பெஞ்சுக்கும் கேட்கும்படி இன்னொரு முறை சொன்னேன்.

ஜன்னல் இன்றுவரை திறக்கவில்லை. ஆனால் நான் எதையாவது விட்டுவிட்டால் உள்ளேயிருந்து ஒரு இருமல் வருகிறது. நின்று யோசித்து, விட்டதைச் சொல்லிவிட்டுத்தான் நகர்கிறேன். போன வாரமும் இருமல் வந்தது. அன்னிக்கே வந்துட்டாரு என்பதைச் சொல்ல மறந்திருந்தேன்.