ஸ்நேகா அக்கா கழற்றிக் கொடுத்த ஹெல்மெட்

“சிவில் படிக்கணும்ன்றியே, காங்கிரீட்ட நசுக்கி எவ்ளோ பாரம் தாங்குதுன்னு சோதிக்கறத நீ பாத்திருக்கியா?” என்று பக்கத்து வீட்டு ஸ்நேகா அக்கா கேட்டாள். நான் பார்த்ததில்லை. செவ்வாப்பேட்டையில் எங்கள் தெருவிலிருந்து சிவில் இன்ஜினியரிங் படிக்கப் போன முதல் ஆள் அவள்தான். மூன்றாம் வருடம் முடியப் போகிறது. அவளும் பார்த்ததில்லையாம்.

பிளஸ் டூ முடித்தவர்களுக்கு அவளுடைய கல்லூரியைச் சுற்றிக் காட்டும் நாளில் நானும் போனேன். ஆய்வகத்தில் காங்கிரீட் கட்டிகளை நசுக்கும் இயந்திரத்துக்குப் பொட்டு வைத்து மாலை போட்டிருந்தார்கள். ஓடாத இயந்திரத்துக்கு மாலை மட்டும் புதுசு. பக்கத்தில் அக்காவை மஞ்சள் ஹெல்மெட்டோடு சிரித்தபடி நிற்க வைத்திருந்தார்கள். மேசைமேல் இருந்த கட்டிகள் பழைய மாணவர்கள் வார்த்தவை. வருடா வருடம் தேதியை மட்டும் பெயிண்டால் மாற்றுவார்களாம்.

கும்மிடிப்பூண்டி கம்பெனிச் சட்டையோடு மகளை அழைத்து வந்திருந்த ஒருவர், “ஒண்ண ஒடைச்சிக் காட்டும்மா” என்றார்.

“ஒடைச்சிட்டா அடுத்த வருசம் காட்டறதுக்கு இருக்காதுண்ணா. மெஷினும் ஓடாது” என்றாள் அக்கா.

துறைத்தலைவர் சிரித்துக்கொண்டே, “இன்டர்னல் மார்க் என் கையிலதான்மா இருக்கு” என்றார்.

அக்கா ஹெல்மெட்டைக் கழற்றி அவரிடம் நீட்டினாள். “அப்ப நீங்களே நின்னுக்குங்க சார்.”

அந்த ஆய்வகப் பாடத்தில் அவளை ஃபெயிலாக்கிவிட்டார்கள். இயந்திரத்தைப் பழுதுபார்க்க ஆளில்லாத கல்லூரியில் மார்க்கைக் குறைக்க மட்டும் ஆள் இருந்தது. நான் அங்கே சேரவில்லை. சிவில் படிக்க ஆசைப்படும் பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள். அந்த இயந்திரத்தை ஓட்டிக் காட்டச் சொல்லி, பார்த்த பிறகு சேரட்டும்.