மேலே போன காற்று

வடதுருவத்தை ஒட்டிய சுரங்க ஊரான கிருணாவில் ஆய்வு மாணவர்கள் பட்டம் வாங்குமுன் சுத்தியலைத் தூக்க வேண்டும். வாய்மொழித் தேர்வுக்குச் சில வாரம் முன்னால், அச்சடித்த ஆய்வேட்டை நிறுவனத்துச் சுவரில் ஆணியடித்து மாட்டுவார்கள். பிறகு கேக் வெட்டுவார்கள். விண்வெளி பிளாஸ்மா படிக்கிறவர்களுக்குச் சுத்தியல் பிடிக்க வராது. யாராவது கட்டைவிரலில் போட்டுக்கொள்வார்கள். ஹெட்டா லந்தோ ஆறு வருஷமாக அந்த ஆணிக்காகத்தான் ஏங்கிக்கொண்டிருந்தாள்.

பட்டத்தின் மேல் அவ்வளவு மோகம் என்று நினைத்துவிடாதீர்கள். மோகமெல்லாம் டொர்கெல் மேல். சுரங்கத்து இரும்புத்தாது ரயில் ஓட்டியவன். வெயில் தாங்காதவர்கள் உண்டு, இவன் அந்த ஊர்க் குளிர்காலத்தின் விடியாத இருட்டு தாங்காதவன். நான்கு குளிர்காலத்துக்கு முன் வேலையை மாற்றிக்கொண்டு தெற்கே மால்மோவுக்குப் போய்விட்டான். "நீ ஆணி அடிக்கிற அன்னைக்கு வேனோட வந்து நிப்பேன். சேர்ந்து போயிடலாம்" என்று சொல்லிவிட்டுப் போனான். அந்த ஆணி ஏற்கெனவே மூன்று முறை தள்ளிப்போயிருந்தது.

"சுரங்கத்துக்கு வழிவிட்டு ஊரே இடம் மாறுது. சர்ச்சே வண்டியில ஏறிப் போயிடுச்சு. நீ மட்டும் அசைய மாட்டேங்கிற!" என்று போனில் சீண்டுவான். அவள் சிரிப்பாள். போனை வைத்த பிறகு, அந்த ஊர் வழக்கப்படி பாலாடைக்கட்டித் துண்டுகள் போட்ட காபியைக் குடிக்க மறந்து அப்படியே உட்கார்ந்திருப்பாள்.

அவள் ஆராய்ந்தது பூமியின் காற்றை. துருவத்துக்கு மேலே பிராணவாயு அயனிகளாகி, கொஞ்சம் கொஞ்சமாக விண்வெளிக்குக் கசிந்துபோகிறது. போனது திரும்பி வருகிறதா என்பதுதான் கேள்வி. பெரும்பகுதி திரும்புகிறது என்பது ஹெட்டாவின் முடிவு. பூமியைச் சுற்றிவந்து அளவெடுக்கும் விண்கலம், பூமியை நோக்கி இறங்கும் நேரத்து அளவீடுகளை வைத்து அதை நிறுவியிருந்தாள். ஆய்வேடுகள் அச்சாகி வந்துவிட்டன. வெள்ளிக்கிழமை ஆணி. வேனுக்கும் சொல்லியாயிற்று.

செவ்வாயன்று, விருந்தினருக்குக் காட்ட ஒரு படம் வரைந்தாள். திரும்பி வரும் அயனிகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே வேகத்தில் வந்தன. அந்த வேகம் அவளுக்கு நன்றாகத் தெரியும். விண்கலத்தின் வேகம்.

ஓடும் பஸ்ஸிலிருந்து பார்த்தால் மரம்தான் ஓடும். அதனால் கலத்தின் வேகத்தைக் கழித்துவிட்டுத்தான் கணக்குப் போட வேண்டும். அளவீட்டுக் கோப்பைத் தந்தவர்கள் அதை ஏற்கெனவே கழித்திருந்தார்கள். கழித்ததையே இவள் மறுபடி கழித்திருக்கிறாள். திரும்பி வந்தது காற்றில்லை, கலம்.

வேறு யாருக்கும் தெரியாது. வெள்ளிக்கிழமை வரை வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், டொர்கெல் வந்துவிடுவான். புதன்கிழமை முழுக்க அவள் மூடிக்கொண்டுதான் இருந்தாள். வியாழனன்று பொறுக்க முடியாமல் வழிகாட்டியான குன்வொரின் அறைக்குப் போனாள்.

குன்வொர் நெடுநேரம் படத்தைப் பார்த்தாள். "நானும் கவனிக்கலையே. உனக்கு ஆறு வருஷமா இது எப்படித் தெரியாமப் போச்சு?"

"திரும்பி வரணும்னு ஆசைப்பட்டேன், குன்வொர். விடை பிடிச்சிருந்தது. அதனால கேள்வி கேக்கல."

"இன்னும் ஒரு வருஷம் ஆகும்டி."

"தெரியும்."

"கேக்?"

"நீயே தின்னு" என்றாள் ஹெட்டா. இருவருமே சிரித்தார்கள், ஹெட்டாவுக்கு மட்டும் சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது.

சரியான கணக்கைப் போட்டு முடித்ததும், மத்தியானம் டொர்கெலைக் கூப்பிட்டாள். ரயில் நிலையத்தில் இருந்தான். நடந்ததைக் கேட்டான்.

"அப்போ ஒண்ணுமே திரும்பி வரலையா?"

"கொஞ்சம் வருது. நூத்துல மூணு."

"மிச்சம்?"

"மிச்சம் போயிடுது, டொர்கெல். சூரியக் காத்து அடிச்சுக்கிட்டுப் போயிடுது."

அவன் பக்கம் ஏதோ அறிவிப்பு கேட்டு ஓய்ந்தது. "வேன் வேண்டாம்னு சொல்லிடட்டுமா?"

"சொல்லிடு."

அடுத்து அவன் "அப்போ ஆணி எப்போ?" என்று கேட்பான். ஒவ்வொரு முறை தள்ளிப்போனபோதும் கேட்டிருக்கிறான். போனைக் காதோடு அழுத்திக்கொண்டு அவள் காத்திருந்தாள். அவன் கேட்கவில்லை.