பிலோமினா டீச்சரும் பொம்மை ராக்கெட்டும்

பிலோமினா டீச்சர் போய்விட்ட செய்தி எனக்கு மொரப்பூர் ரயில் நிலையத்தில் வந்தது. கண் பரிசோதனைக்காகச் சேலம் போக வண்டிக்குக் காத்திருந்தேன். அவர் மகள் ஸ்டெல்லா அழைத்தாள். "மாமா, அம்மா போயிட்டாங்க. டயாலிசிஸ் முடிச்சு வர்ற வழியிலயே. நீங்க வந்துருங்க" என்றாள். வண்டி வந்து நின்று போனது. நான் வெளியே வந்து ஊருக்குப் பஸ் ஏறினேன். வழியெல்லாம் அழுகை வரவில்லை. யாரோடு இனிச் சண்டை போடுவது என்ற யோசனைதான் ஓடியது.

உங்களில் பலர் அவரிடம் ஆங்கிலம் படித்தவர்கள். "எழுத்து அழகா இருக்கு, அர்த்தம் எங்க?" என்று அவர் திருப்பிக் கொடுத்த நோட்டை வாங்கியவர்கள். நான் அதே பள்ளியில் கணக்கு வாத்தியார். ஒரே ஊர், ஒரே வயது, ஆசிரியர் அறையில் அடுத்தடுத்த நாற்காலி. பள்ளிக்கூடத்தில் அவர் செய்ததை எல்லாம் மற்றவர்கள் எழுதுவார்கள். நான் எழுதப்போவது ஒரு பொம்மைத் தொடரைப் பற்றி. சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு இருபது வயது இருக்கும்போது கோயிலை ஒட்டிய பங்கு மண்டபத்துக்கு ஒரு கறுப்பு வெள்ளை டிவி வந்தது. ஞாயிறு பூசை முடிந்ததும் அதில் ஒரு வெளிநாட்டுத் தொடர் ஓடும். விண்வெளியில் ஒரு கப்பல், அதில் பெரிய தலையும் ஆடும் தாடையுமாகச் சில பொம்மைகள். தொடரின் பெயர் யார் வாயிலும் நுழையாததால் எங்கள் ஊருக்கு அது "பொம்மை ராக்கெட்டு". பேச்சு முழுக்க ஆங்கிலம். வெள்ளைக்காரச் சாமியார்கள் தியானப் பிரசங்கம் கொடுக்க வரும்போது பக்கத்தில் ஒருவர் நின்று வரிக்கு வரி தமிழில் சொல்வது எங்கள் பங்கில் வழக்கம். அன்றைய ஃபாதர் அந்த வழக்கத்தை டிவிக்கும் கொண்டுவந்தார். கான்வென்டில் படித்துவிட்டு வந்திருந்த பிலோமினாவை அழைத்து டிவிக்குப் பக்கத்தில் நிறுத்தினார். என்னைக் கூரை மேல் ஏற்றினார், ஆண்டெனா திருப்ப. "பூச்சி பறக்குது, இன்னுங் கொஞ்சம் திருப்பு" என்று கீழிருந்து கத்துவார்கள். அதனால் அந்தத் தொடரை நான் பார்த்தது குறைவு, பிலோமினாவின் குரலில் கேட்டதுதான் அதிகம்.

கூட்டத்தின் சத்தத்தில் பாதி வசனம் அவர் காதில் விழவில்லை, விழுந்ததில் பாதி புரியவில்லை. இதைப் பின்னாளில் அவரே சொன்னார். ஆனால் ஊரே வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது புரியவில்லை என்று எப்படிச் சொல்வது? கதை விட்டார். நன்றாகவே விட்டார். பொம்மைகளுக்குச் சூசை, அந்தோணி, மதலேன் என்று பெயர் வைத்தார். கப்பலில் ஒரு டாக்டர் பொம்மை இருந்தது. மொட்டைத் தலை, அடர்ந்த புருவம், யாரிடமும் சிரிக்காது. அடிக்கடி எந்திர அறைக்குள் தனியாகப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளும். ஒரு வாரம் முகமூடி போட்ட வேற்றாள் ஒருவன் அந்த டாக்டர் கையில் சின்னப் பை ஒன்றைத் திணித்தான். பிலோமினா ஒரு நொடி முழித்துவிட்டு, "முப்பது வெள்ளிக்காசு! இவந்தான் யூதாஸ்!" என்றார். தவக்காலம் வேறு, ஆண்டவரைக் காட்டிக்கொடுத்தவன் மேல் ஊரே கோபமாக இருக்கும் நேரம். மண்டபம் கொதித்துப்போனது, கூரை மேல் எனக்கே உடம்பு சிலிர்த்தது.

அதே மொட்டைத் தலையும் அதே புருவமுமாக அந்தக் கூட்டத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். மிக்கேல். எங்களைவிடச் சில வயது மூத்தவர், கடலைக்காடும் இரண்டு மாடும் வைத்திருந்த விவசாயி, இளவயதிலேயே முடி கொட்டியவர். யாரோ ஒருவன் டிவியையும் அவரையும் மாறி மாறிக் கை காட்டினான். அவ்வளவுதான். அன்று வெளியே வரும்போதே அவர் பெயர் யூதாஸ் ஆகிவிட்டது. அடுத்த பாஸ்கா நாடகத்தில், ஆண்டவர் பாடுகளை நடிக்கும்போது, யூதாஸ் வேஷம் கேள்வியே இல்லாமல் அவருக்குப் போனது. மனிதர் பிரமாதமாக நடித்துத் தொலைத்தார். அப்புறம் வருஷா வருஷம் அவரேதான்.

இது விளையாட்டுப் பெயர்தானே என்று நினைக்காதீர்கள். கம்பைநல்லூர் பக்கத்திலிருந்து பெண் வீட்டார் மிக்கேல் வீட்டைப் பார்க்க வந்தார்கள். பஸ் நிறுத்தத்தில் வழி கேட்டதற்கு, "யூதாஸ் வூடுங்களா? கோயிலுக்குப் பின்னால நேராப் போங்க" என்று ஒருவர் நல்ல மனதோடு வழி காட்டினார். கத்தோலிக்கக் குடும்பம். நேராகப் போகாமல் திரும்பும் பஸ்ஸுக்கு நின்றுவிட்டார்கள். மிக்கேல் வீட்டில் அவர்களுக்காகப் போட்ட கேசரி அக்கம்பக்கத்துக்குப் போனது. வெகுகாலம் கழித்துத்தான் அவருக்குக் கல்யாணம் ஆனது. டிவி பார்க்க மண்டபத்துக்கு அவர் மறுபடி வரவே இல்லை.

பிலோமினா டீச்சரிடம் இதைச் சொன்னால், "நான் பொம்மைக்குத்தான் பேரு வெச்சேன். ஊரு அவருக்கு வெச்சா நானா பொறுப்பு?" என்று சண்டைக்கு வருவார். ஆனால் தெருவில் மிக்கேல் எதிரே வந்தால் டீச்சரின் குடை தானாகச் சாய்ந்து முகத்தை மறைக்கும். நான் பல தடவை பார்த்திருக்கிறேன்.

டீச்சர் ஓய்வு பெற்று, சிறுநீரகம் பழுதாகி, தர்மபுரிக்கு டயாலிசிஸ் போய் வர ஆரம்பித்த பிறகு, பெங்களூரில் வேலை பார்க்கும் ஸ்டெல்லா சுவரை அடைக்கிற மாதிரி ஒரு டிவி வாங்கி மாட்டினாள். பொம்மை ராக்கெட்டைப் பழைய பிலிமிலிருந்து சுத்தம் செய்து எச்டியில் போட்டிருக்கிறார்கள் என்று தேடியும் கண்டுபிடித்தாள். "அம்மா சின்ன வயசுல பார்த்ததாம் மாமா, நீங்களும் வாங்க" என்றாள். போனேன். ஆண்டெனா திருப்ப வேண்டியிராத முதல் காட்சி எனக்கு அதுதான்.

முதல் அதிர்ச்சி, அது கலர் படம். சூசையின் சட்டை நீலம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அடுத்தது கயிறு. ஒவ்வொரு பொம்மையின் தலையிலிருந்தும் தோளிலிருந்தும் மெல்லிய கம்பிகள் மேலே போவது பளிச்சென்று தெரிந்தது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "கயிறு தெரியுது டீச்சர்" என்றேன். "தெரிஞ்சாத் தெரியட்டும். கீழ வுழாம இருக்கத்தான கட்டியிருக்காங்க? நீங்க கதையைப் பாருங்க சார்" என்றார். படத்தின் அடியில் ஆங்கில வசனம் எழுத்திலும் ஓடியது. டீச்சர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஒரு வரி விடாமல் படித்தார்.

அந்தப் பை வரும் காட்சி வந்தது. "நிறுத்துடி" என்றார். ஸ்டெல்லா நிறுத்தினாள். அன்றைக்குப் பூச்சி பறந்த படத்தில் சுருக்குப் பை போலத் தெரிந்தது, இப்போது உள்ளே இருப்பது தெரியும் கண்ணாடித்தாள் பையாக இருந்தது. உள்ளே காசு இல்லை. வெள்ளை மாத்திரைகள் இருந்தன.

மீதிக் கதையை அன்று மாலையே பார்த்து முடித்தோம். கப்பலின் எந்திர அறையில் விஷக் கசிவு. யாராவது உள்ளே போய் அடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். மற்றவர்களுக்கு அது தெரியாமல் டாக்டர் தானே போய்க்கொண்டிருந்தார். கதவைச் சாத்திக்கொண்டது விஷம் வெளியே வராமல் இருக்க. மாத்திரை, அதனால் அவருக்கு வந்த நோய்க்கு. கடைசியில் உள்ளேயே இருந்துவிடுகிறார், மற்றவர்கள் தப்புகிறார்கள். அன்றைக்கு மண்டபத்தில் இந்த முடிவை யூதாஸுக்குக் கிடைத்த தண்டனை என்றுதான் கேட்டிருந்தோம். படம் முடிந்ததும் டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு, "ஒரு நல்ல மனுசனை யூதாஸ் ஆக்கிட்டேன் சார்" என்றார்.

"பொம்மையைச் சொல்றீங்களா?" என்றேன்.

"ரெண்டு பேரையும்தான்."

மிக்கேல் வீட்டுக்குப் போய்த் தனியாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்தால் போதும் என்று நான் சொன்னேன். உடம்பு இருக்கும் நிலையில் ஊரைக் கூட்ட வேண்டுமா என்றும் கேட்டேன். அவர் என்னை மக்குப் பையனைப் பார்ப்பது போலப் பார்த்தார். "கூட்டத்துல சொன்னதக் காதுக்குள்ள போயித் திருத்துனா அது திருத்தம் இல்ல, ரகசியம்" என்றார். அந்த ஞாயிறே ஃபாதரிடம் மண்டபம் கேட்டார். மறைக்கல்வி வகுப்புக்கு வைத்திருந்த புரொஜெக்டரையும் கேட்டு வாங்கினார்.

மிக்கேலை அழைக்க நான்தான் போனேன். மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டிக்கொண்டிருந்தார். "எனக்கு எதுக்குங்க சார் பொம்மப் படம்? பார்த்த வரைக்கும் போதும்" என்று நிமிராமலே சொன்னார். ஆனாலும் வந்தார். உட்காரவில்லை, வாசல் கதவோரம் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார்.

டீச்சர் திரைக்குப் பக்கத்தில் நின்றார். கையில் ஊசி குத்திய இடத்தில் கட்டு. நாற்காலி போட்டோம், உட்கார மறுத்துவிட்டார். அன்றைக்கு ஆரம்பம் முதலே வேறு மாதிரி இருந்தது. தெரிந்ததைச் சொன்னார், தெரியாத இடத்தில் படத்தை நிறுத்தி, "இது எனக்குப் புரியலைங்க" என்று ஊர் நடுவில் சொன்னார். அந்த வாக்கியத்தைச் சொல்ல அவர் எவ்வளவு காலம் எடுத்துக்கொண்டார் என்று எனக்கு மட்டும் தெரியும். பழைய ஆட்களுக்கோ இந்த நேர்மை சுத்தமாகப் பிடிக்கவில்லை. தங்களுக்குத் தெரிந்த கதை கைவிட்டுப் போகிறதே என்ற கோபம். முன்வரிசையிலிருந்த ஆரோக்கியமேரி அக்கா எழுந்தேவிட்டார். "வெள்ளைக்காரன் படத்த மாத்திட்டானுங்க டீச்சரு. அன்னிக்கு நீங்க சொன்னதுதான் சரி!"

"இல்லைங்க அக்கா. படம் அதேதான். நான்தான் தப்பு" என்றார் டீச்சர். பிறகு மாத்திரைப் பை காட்சியில் படத்தை நிறுத்திவிட்டுக் கூட்டத்தைப் பார்த்துப் பேசினார். "அன்னிக்கு எனக்கு இது என்னன்னு தெரியலை. தெரியலைன்னு சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு வாய்க்கு வந்ததைச் சொன்னேன். இந்த டாக்டர் யாரையும் காட்டிக்கொடுக்கலை. இந்தக் கதையிலயே பெரிய மனுசன் இவர்தான். என் வாயால ஒரு மனுசனுக்குக் கெட்ட பேரு வந்துச்சு. மிக்கேலண்ணா, என்னை மன்னிக்கணும்."

எல்லோரும் கதவுப் பக்கம் திரும்பினோம். மிக்கேல் திரையில் நின்றிருந்த தன் முகத்தை, அதாவது அந்தப் பொம்மையின் முகத்தை, கொஞ்ச நேரம் பார்த்தார். "பொம்மைக்கு நல்ல பேரு வாங்கிக் குடுத்துட்டீங்க டீச்சரு. சந்தோசம். எனக்கு?" என்று கேட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

டீச்சர் அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார். எனக்கு மிக்கேல் மேல் கோபம் வந்தது. டீச்சருக்கு வரவில்லை. "அவரு கேட்டது நியாயமான கேள்விதான சார்" என்றார்.

அடுத்த டயாலிசிஸ் முடிந்து வந்த களைப்போடு ஆட்டோவில் மிக்கேல் வீட்டு வாசலில் போய் இறங்கினார். நானும் கூட இருந்தேன். இந்த வருஷப் பாஸ்காவில் அவருக்கு ஆண்டவரின் தலைமைச் சீடரான இராயப்பர் வேஷம் கேட்டு வாங்கித் தருவதாகச் சொன்னார். மிக்கேலுக்கு ரோஷம் வந்துவிட்டது. "அதெல்லாம் வேண்டாங்க. யூதாஸ நான் பண்ற மாதிரி எவன் பண்ணுவான்? தூக்கு மாட்டிக்க நான் கயித்த எடுத்தாலே பொம்பளைங்க கண்ணக் கசக்குவாங்க."

"பின்ன நான் என்னதான் பண்ணட்டும், சொல்லுங்க."

"மேடைய வுட்டு எறங்குனா எம் பேரச் சொல்லிக் கூப்புடச் சொல்லுங்க. எங்கப்பன் வெச்ச பேரு. அது போதும்."

பாஸ்கா முடிந்த மாலை உங்களில் பலர் இருந்தீர்கள். நடிகர்களைப் பெயர் சொல்லி அறிமுகம் செய்யும் வேலையை டீச்சர் கேட்டு வாங்கிக்கொண்டார். மற்றவர்களைச் சடசடவென்று முடித்தார். யூதாஸ் முறை வந்ததும் மைக்கை இறுக்கிப் பிடித்து, "யூதாசாக நடித்தவர், சவரிமுத்து மகன் மிக்கேல்" என்றார். அதோடு விடவில்லை. "எல்லாரும் சொல்லுங்க" என்றார். வகுப்பில் ஸ்பெல்லிங் சொல்லவைக்கும் அதே குரல். கூட்டத்தில் பாதிப்பேர் அவர் மாணவர்கள், பயத்தில் சொல்லிவிட்டார்கள். சத்தம் பத்தவில்லை என்று திரும்பவும் சொல்லவைத்தார். வேஷம் கலைக்காமல் நின்றிருந்த மிக்கேல் தலை குனிந்து சிரித்ததை நான் பார்த்தேன்.

ஊர் ஒரே நாளில் மாறிவிட்டது என்று எழுதினால் டீச்சரே சிவப்பு மையில் அடித்துவிடுவார். கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தபோது, "இப்ப என்ன சொல்லிக் கூப்புடறாங்க?" என்று கேட்டார். உள்ளதைச் சொன்னேன். பெரியவர்கள் பாதிப்பேர் இன்னும் பழைய பெயரைத்தான் சொல்கிறார்கள், பிள்ளைகள் மிக்கேல் தாத்தா என்கிறார்கள் என்றேன். "பெரியவங்க நாமெல்லாம் போய்ச் சேந்துருவோம். புள்ளைங்க இருக்கும். போதும் சார்" என்றார்.

அவர் பொருள் எதையும் நான் கேட்கவில்லை. ஸ்டெல்லா பொம்மை ராக்கெட்டைப் பென்டிரைவில் போட்டுத் தருகிறேன் என்றாள், வேண்டாம் என்றேன். நான் வைத்துக்கொண்டிருப்பது டீச்சர் காதில் விழாமல் போன ஒரு வாக்கியத்தை. கல்லறையில் ஆளுக்கொரு பிடி மண் போட்டோம். எங்கள் பங்கில் அப்போது யாரும் பேசுவதில்லை. மிக்கேல் தன் முறை வந்ததும் குனிந்து மண்ணை அள்ளினார். போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு, சுற்றி நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி குழியைப் பார்த்துச் சொன்னார்.

"டீச்சரு, மிக்கேலு வந்திருக்கேனுங்க."