புதன்கிழமை அரை நாள்

தையல் கம்பெனியில் அவளை எல்லோரும் கை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சட்டைக்குக் கை வைப்பது அவள் வேலை. காலருக்கு ஒருத்தி, பைக்கு ஒருத்தி, பொத்தானுக்கு ஒருத்தி என்று வரிசையாக மிஷின் போட்டிருக்கும் அந்த நீளக் கொட்டகையில், காலையிலிருந்து இருட்டும்வரை கையாகத் தைத்துத் தள்ளுவாள். முழுச் சட்டை ஒன்றை அவள் தைத்து வருஷக்கணக்காகிறது. ஒருத்தி வராவிட்டால் வரிசையே முடங்கிப்போகும் என்பதால், லீவு என்ற சொல்லைக் கேட்டாலே சூப்பர்வைசருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கை அக்கா அவருக்கு அந்தச் சிரமத்தைக் கொடுத்ததே இல்லை. காய்ச்சலோடு வந்திருக்கிறாள். மாமியாரை அடக்கம் செய்த மறுநாளும் வந்து உட்கார்ந்தவள் அவள்.

அவளுடைய சொந்தப் படிப்பு பாதியில் நின்றுபோனது. அம்மா படுத்த படுக்கையாக இருந்தபோது கைக்குழந்தையான தம்பியைப் பார்த்துக்கொள்ள இவளை வீட்டில் நிறுத்திக்கொண்டார்கள். அம்மா தேறியதும் ஆசை ஆசையாகப் பள்ளிக்கு ஓடினாள். ஆசிரியர் பெயர்களை வாசித்துக்கொண்டே போனார். இவள் பெயர் வரவேயில்லை. தொடர்ந்து வராததால் பெயரை அடித்துவிட்டோம் என்றார்கள். ஏன் வரவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை, கேட்பதற்குப் பதிவேட்டில் இடமும் இல்லை. வாசற்படியில் நின்றபடி அழுதுவிட்டுத் திரும்பி வந்தாள். தனக்கு ஒரு மகள் பிறந்து பள்ளிக்குப் போக ஆரம்பித்தபோது, வானமே இடிந்து விழுந்தாலும் இவள் பெயரை யாரும் அடிக்கவிடக்கூடாது என்று மனதுக்குள் முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டாள்.

மகள் எட்டாம் வகுப்பு வந்த வருஷம் பள்ளி மாடிப்படியில் விழுந்து வலது முழங்கையை உடைத்துக்கொண்டாள். மாவுக்கட்டைப் பிரித்த பிறகு கை நீளவில்லை. மடங்கியே நின்றது. வாரா வாரம் புதன்கிழமை காலையில் பிசியோதெரபிக்கு வரவேண்டும், இப்போது விட்டால் அப்படியே இறுகிவிடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். கணவன் லாரியோடு எந்த ஊரில் இருப்பான் என்பது அவனுக்கே தெரியாது. அதனால் முதல் வாரம் கை அக்காவே சூப்பர்வைசரிடம் கெஞ்சி ஒரு மணி நேரம் வாங்கிக்கொண்டு கூட்டிப்போனாள். அடுத்த வாரத்திலிருந்து பெண்ணே பஸ்ஸில் போய் ஆஸ்பத்திரியில் இறங்கிக்கொண்டாள். முடித்துவிட்டுப் பள்ளிக்கு நடந்துபோக வேண்டியதுதான்.

பள்ளிக்கூடத்தின் கணக்கு வேறு மாதிரி. அங்கே ஒரு நாள் என்பது இரண்டு அரை நாள். காலையில் ஒரு தடவை பெயர் வாசிப்பார்கள், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தடவை. கேட் சாத்திய பிறகு வந்தால் தாமதம். இரண்டாவது மணி அடித்த பிறகு வந்தால், வந்தும் வராத மாதிரிதான். அந்த அரை நாள் போனது போனதுதான். வந்தவர்களை மொத்தப் பேரால் வகுத்து, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஆபீஸ் வாசல் பலகையில் வகுப்புவாரியாக சதவீதம் எழுதிப் போடுவார்கள். முதலில் நிற்கும் வகுப்பின் கதவில் ஒரு கேடயம் தொங்கும். அந்த வாரம் விளையாட்டு மைதானத்துக்கு முதலில் இறங்குவது அவர்கள்தான். தலைமை ஆசிரியைக்கு இதில் பெருமை சொல்லி மாளாது. பாடம் நடந்ததா என்று பார்க்க அந்தப் பலகையில் ஒரு வரியும் கிடையாது.

கை அக்கா ஒரு நாள் ஷிப்டுக்கு முன்னால் பள்ளி கேட் அருகே காத்திருந்து வகுப்பு டீச்சரைப் பிடித்தாள். ஆஸ்பத்திரிக் கடிதத்தைக் காட்டினாள். டீச்சர் கெட்டவர் இல்லை, கடிதத்தைப் பொறுமையாகப் படித்தார்.

"அனுமதியோட வரலைன்னு போட்டுக்கறேம்மா. ஆனா சதவீதத்துல அதுவும் ஆப்சென்ட்தான். வராதது வராததுதானே. என் கையில என்ன இருக்கு சொல்லுங்க?"

டீச்சர் யார் பெயரையும் சொல்லித் திட்டியதில்லை. வெள்ளிக்கிழமை பலகையைப் பார்த்துவிட்டு வந்து, இந்த வாரமும் ஒரு அரை நாளில் கோட்டைவிட்டோம் என்று மட்டும் சொல்வார். அதுவே போதுமானதாக இருந்தது. பிள்ளைகள் கை அக்காவின் மகளுக்கு அரை நாள் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அரை நாள் வருது, அரை நாள் போகுது. சாப்பாட்டு நேரத்தில் பெஞ்சில் இவளுக்கு இடம் விட மறந்துபோக ஆரம்பித்தார்கள். இதைப் பற்றியெல்லாம் அவள் வீட்டில் மூச்சு விடவில்லை.

புதன்கிழமை சாயங்காலங்களில் மகள் கை வீங்கிப்போய், தொட்டால் துடிப்பாள். கை அக்கா வெந்நீர் ஒத்தடம் கொடுத்துவிட்டுத் தூங்க வைப்பாள். ஒரு புதன்கிழமை வீக்கம் இல்லை. அடுத்த புதன்கிழமையும் இல்லை. வலிக்குதா என்று கேட்டால் இல்லை என்றாள், அது பொய்யும் இல்லை. கை அக்கா நிம்மதியாகப் பெருமூச்சு விட்டாள். குணமாகிறது என்று நினைத்தாள். கையை யாரும் நீட்டிப் பிடிக்காததால்தான் வலிக்கவில்லை என்று அவளுக்கு எப்படித் தெரியும்? காலையிலேயே போய் இருட்டிய பிறகு வருகிறவள், மகளின் கையை முழுக்கைச் சட்டைக்குள் மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெண் புதன்கிழமையும் முதல் மணிக்கே வகுப்பில் இருந்தாள். டீச்சர் அவள் பெயரை வாசித்தார், அவள் வந்திருக்கிறேன் என்றாள், டீச்சர் டிக் போட்டார். நீ ஆஸ்பத்திரியில் அல்லவா இருக்கவேண்டும் என்று அவர் கேட்கவில்லை. வராத பிள்ளை எங்கே என்று கேட்பதற்கு அங்கே ஆள் உண்டு, போன் உண்டு. வந்த பிள்ளை ஏன் வந்தது என்று கேட்க எவருக்கும் சம்பளமில்லை. கேடயம் அவர்கள் வகுப்புக் கதவிலேயே தங்கிவிட்டது. பெண்ணுக்குப் பெஞ்சில் இடம் கிடைத்தது. வீட்டுக்கு வந்து ஒருநாள், நாங்கதாம்மா ஃபர்ஸ்ட் என்று சொன்னபோது கை அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. கம்பெனியில் காலர் தைப்பவள், பை தைப்பவள் என்று ஒருத்தி பாக்கியில்லாமல் சொல்லித் தீர்த்தாள்.

பருவ முடிவில் அந்த வகுப்புக்கு நிரந்தரக் கேடயம் கொடுத்தார்கள். பெற்றோரையும் அழைத்தார்கள். கை அக்கா வாழ்க்கையில் முதல்முறையாக அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு முன்வரிசையில் போய் உட்கார்ந்தாள். உடம்பு முடியாதபோதும் வந்து வகுப்பைத் தூக்கி நிறுத்திய பெண் என்று தலைமை ஆசிரியை மகளை மேடைக்குக் கூப்பிட்டார். கேடயத்தை எல்லோரும் பார்க்கத் தலைக்குமேல் தூக்கிக் காட்டச் சொன்னார். பெண் இடது கையால் தூக்கினாள். வலது கை நெஞ்சுக்கு மேல் எழவில்லை, மடங்கியபடியே கேடயத்தின் அடியில் ஒட்டிக்கொண்டு நின்றது. கூட்டம் கைதட்டியது. ஆயிரம் சட்டைக்குக் கை வைத்தவளுக்கு ஒரு கை எப்படித் தொங்கவேண்டும் என்று தெரியும்.

அங்கிருந்து நேராக மகளை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கேயும் ஒரு வருகைப் பதிவேடு இருந்தது. தொடர்ந்து வராததால் பெயரை எடுத்துவிட்டோம் என்று கவுண்டரில் இருந்தவர் நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார். தகவல் சொல்லவில்லையா என்றாள். போன் எண்ணைச் சரிபார்த்தார்கள். பகலில் அடித்திருக்கிறார்கள், கம்பெனியில் போனை வாசலில் வாங்கி வைத்துவிடுவார்கள். யார் மேலும் தப்பில்லை. எல்லா இடத்திலும் எல்லாம் முறைப்படிதான் நடந்திருந்தது. கை அக்காவுக்கு கவுண்டர் கண்ணாடியை உடைக்க வேண்டும் போல ஆத்திரம் வந்தது.

கெஞ்சிக் கூத்தாடி டாக்டரைப் பார்த்தார்கள். அவர் பெண்ணின் கையை நீட்டிப் பார்த்தார், அவள் அலறினாள், விட்டுவிட்டார். எப்போதிலிருந்து வரவில்லை என்று கேட்டார், பெண் தலையைக் குனிந்துகொண்டாள். இனிப் பயிற்சி மட்டும் போதாது, அறுவை சிகிச்சை செய்து திறக்கவேண்டும், பிறகு பல வாரம் தினமும் வரவேண்டும், அப்போதும் முழுதாக நீளும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார். தள்ளிப்போட்டால் இன்னும் மோசம், அடுத்த மாதமே செய்யலாம் என்று தேதியைத் தேடினார்.

"டாக்டர், லீவு விட்டப்புறம் வெச்சுக்க முடியாதா?" என்றாள் பெண். "அடுத்த மாசம்னா எங்க கிளாஸ் கடைசிக்குப் போயிடும்."

டாக்டர் விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று சிரித்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

கை அக்கா மகளை ஓங்கி அறையப் போனாள். கை எழவில்லை. ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து வைக்க முடியுமா, கம்பெனியில் லீவு கொடுக்கமாட்டார்கள் என்று கேட்கத்தான் அவளும் வாயைத் திறந்திருந்தாள்.