விலைச்சீட்டோட ரெண்டு ஸ்வெட்டர்

அடுத்த வாரம் கொடைக்கானல். ஹனிமூன்தான், ஆனா சிக்கனமா. பஸ்லதான் போறோம், ரூமும் சின்னது. ஸ்வெட்டர்தான் இல்ல. தூத்துக்குடி வெயில்ல அதை யாரு வாங்கி வைப்பா?

எதிர்வீட்டு செல்வி அக்கா வச்சிருக்காங்கன்னு அத்தை சொன்னாங்க. காலையில இரவல் கேட்கப் போனேன்.

அக்கா காபி தந்தாங்க. நான் உட்கார்ந்து புலம்ப ஆரம்பிச்சேன். மூணு நாள்தான் லீவு, ஜன்னலைத் திறந்தா மலை தெரியாதாம், பக்கத்து லாட்ஜ் சுவருதான் தெரியுமாம். அக்கா சிரிச்சுக்கிட்டே கேட்டாங்க.

அப்புறம் பீரோவுல இருந்து ஒரு கவரை எடுத்தாங்க. உள்ள ஒரே நிறத்துல ரெண்டு ஸ்வெட்டர், ஒண்ணு பெருசு, ஒண்ணு சிறுசு. ரெண்டுலயும் விலைச்சீட்டு தொங்குது.

"புதுசாக்கா?"

"ஏளா, பன்னெண்டு வருசம் ஆச்சு. கல்யாணம் முடிஞ்சு ஊட்டிக்குப் போக வாங்குனது. கிளம்புறதுக்கு முந்தின நாள் எங்க அத்தானைக் கப்பல் வேலைக்குக் கூப்பிட்டுட்டாவ. பொறவு பிள்ளைக, பள்ளிக்கூடம்னு ஆயிட்டு. நீங்க போட்டுக்கிடுங்க. அந்தச் சீட்டை வெட்டிப் போட்டுரு."

அந்த ஜன்னல் கதையை நான் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

வேண்டாம்னு சொல்லவும் வாய் வரல. வாங்கிட்டு வந்துட்டேன்.

இவரு போட்டுப் பார்த்துட்டு, அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்குன்னு கத்தரிக்கோலைத் தேடிக்கிட்டு இருக்காரு. அதை அரிசி டப்பாவுல ஒளிச்சு வச்சது நான்தான். அக்காகிட்டத் திருப்பிக் கொடுக்கும்போது சீட்டு அப்படியே இருக்கணும்.

கழுத்துக்குப் பின்னால விலைச்சீட்டு ஆட, கொடைக்கானல் ஏரியைச் சுத்தி ரெண்டு பேரு நடந்தா, அது நாங்கதான். பார்த்தா ஒரு வணக்கம் சொல்லுங்க. சீட்டைப் பத்தி மட்டும் கேட்காதீங்க.