முப்பது கிலோவுக்கு மேலே

வெளிநாடு போகிறவர்களுக்குக் கார் ஓட்டுவது என்றால் பாதி கார் ஓட்டுவது, மீதி பெட்டி தூக்குவது.

காரைக்குடியிலிருந்து திருச்சி விமான நிலையத்துக்கு ஆள் ஏற்றிப் போவதுதான் என் பிழைப்பு. நான் இன்றுவரை விமானத்துக்குள் கால் வைத்ததில்லை. டிரைவருக்கு வாசல் கண்ணாடிக் கதவோடு சரி. ஆனால் பயணி உள்ளே போய்விட்டார் என்று வண்டியை எடுத்துவிடவும் முடியாது. உள்ளே எடை போட்டு, முப்பது கிலோவுக்கு மேலே இருப்பதையெல்லாம் வாசலுக்குக் கொண்டுவந்து என் கையில் திணிப்பார்கள். சேலைக் கடையில் மலை போலப் பிரித்துப் போட்டதை மறுபடி மடித்து வைக்கிறவர்களே, பந்தியில் வேண்டாம் வேண்டாம் என்றவருக்கு ஓடி ஓடிப் பரிமாறுகிறவர்களே, என் கஷ்டம் உங்களுக்குத்தான் புரியும்.

இப்போது எங்கள் வீட்டிலேயே ஒரு பயணம் வந்துவிட்டது. மகள் கவிதா சிங்கப்பூரில் இருக்கிறாள். முதல் பிரசவம். துணைக்கு என் மனைவி செல்வி போக வேண்டும். மகள் போனில் கேட்டது ஒன்றே ஒன்று: "அம்மா, அப்பாவோட பழைய வேட்டி நாலு கொண்டா. பிறக்குற பிள்ளையச் சுத்தி வைக்கணும்." டிக்கெட் கைக்கு வந்த அன்றைக்கே நான் செல்வியிடம் சொல்லிவிட்டேன், நம் வீட்டுப் பெட்டி மட்டும் அந்த வாசலுக்குத் திரும்பி வரக்கூடாது என்று. ஏன் அப்படி ஒரு வைராக்கியம் என்பதற்குச் சில சம்பவங்கள்.

வெறும் பாத்திரம்

கானாடுகாத்தான் ஆச்சி ஒருவர் மெல்போர்னில் இருக்கும் மகள் வீட்டுக்குக் கிளம்பினார். மகளுக்கென்று பெட்டி நிறைய எவர்சில்வர் பாத்திரம். தூக்கினேன், இடுப்பு பிடித்துக்கொண்டது. திறந்து பார்த்தால் சம்புடத்தில் அரிசி, தூக்கில் துவரம்பருப்பு, டம்ளருக்குள்கூடத் துணி கட்டி உளுந்து. அந்த ஊரில் தானியத்தைக் கண்டால் விடமாட்டார்கள், பெட்டியையே கவிழ்த்துவிடுவார்கள் என்று படித்துப் படித்துச் சொன்னேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் முறத்தில் கொட்டினார். பாவம் என்று நானே பாத்திரங்களை அடுக்கிக் கொடுத்தேன்.

புதுக்கோட்டை தாண்டியதும் பின்சீட்டில் ஏதோ கிலுகிலு என்றது. ஆச்சி கைப்பையில் வைத்திருந்த குட்டிச் சம்புடம். இதிலும் அரிசியா என்று நான் கேட்டது கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. ஆச்சி அசரவில்லை. "ஒத்தை மணி அரிசியாச்சும் கிடக்கணும்ல தம்பி? மக வீட்டுக்கு வெறும் பாத்திரமாத் தூக்கிட்டுப் போக நான் என்ன பாத்திரக் கடையா வச்சிருக்கேன்?" என்றார்.

கிளம்பிய சாமான்

வலையபட்டியிலிருந்து ஒரு பையன் வேலைக்கு மலேசியா போனான். வழக்கம்போல வாசலுக்குத் திரும்பி வந்து ஒரு டப்பா மாவடு, ஒரு டின் சீடை, ஒரு இட்லிப் பானை ஆகியவற்றை என்னிடம் கொடுத்துவிட்டு ஓடினான். பொறுப்பாக அவன் வீட்டில் ஒப்படைக்கப் போனேன். அவன் அப்பா கேட்டுக்கு உள்ளேயே நின்றுகொண்டு இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். கிளம்பின சாமான் பாதியில் திரும்பி வீட்டுக்குள் வரக்கூடாதாம். வந்தால் போனவனும் பாதியில் திரும்பிவிடுவானாம். அவன் சௌகரியமாக ஒரு இடத்தில் அமர்ந்து, முதல் சம்பளமும் வாங்கட்டும், அதுவரை சாமான் உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும் என்றார். இவர் ஒருவர் என்றால் பரவாயில்லை. அந்தப் பக்கம் பாதி வீட்டில் இதே பேச்சுத்தான். என் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் எப்போது குனிந்தாலும் யாராவது ஒருவருடைய ஊறுகாய் இருக்கும்.

பையன் சம்பளம் வாங்கினான். அப்பா வந்தார். உட்காரக்கூட இல்லை. சீடை டின்னைத் திறந்தார், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார், மூடியைக் கையில் வைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வாய் வரைக்கும் இருந்துச்சே, அமுங்கியிருக்கு. தானா அமுங்குச்சா, நீங்க அமுக்குனீகளா?"

சித்திரையில் கோட்டு

ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவர், அமெரிக்காவில் மகன் வீடு. சித்திரை வெயிலில் இரண்டு சட்டை, அதன் மேல் ஸ்வெட்டர், அதன் மேல் கோட்டு போட்டுக்கொண்டு வந்து வண்டியில் ஏறினார். கோட்டுப் பை நான்கும் புடைத்திருந்தன. உள்ளே பருப்புப் பொடி. திருமயம் வருவதற்குள் மனிதர் நனைந்துவிட்டார். மயக்கம் போட்டு விழுந்தால் ஆஸ்பத்திரிக்கு நான்தானே ஓட வேண்டும்? ஸ்வெட்டரையாவது கழற்றுங்கள் ஐயா என்று கெஞ்சினேன். "பெட்டிக்குத்தான எடை போடுவாக? ஆளுக்குப் போட மாட்டாகல்ல? நீங்க ஏசியக் கூட்டி வைங்க."

எங்கள் வீட்டுப் பெட்டி

இப்படியெல்லாம் பட்டவன் என்பதால் செல்வியின் பெட்டியை நானே அடுக்கினேன். அவள் எடுத்து வைத்த வடகத்தைக் குறைத்தேன். பொடிகளை வெளியே எடுத்தேன். அங்கே எல்லாம் கடையில் கிடைக்கும் என்று ஊருக்குச் சொல்வதை அவளுக்கும் சொன்னேன். அவள் வேட்டி நாலையும் துவைத்து மடித்து மேலாக வைத்தாள். தராசில் தூக்கிப் பார்த்தேன், இருபத்திரண்டு கிலோ. சும்மா இருந்திருக்கலாம். பெருமை தாங்காமல் ஸ்டாண்டில் நாலு பேரிடம் சொல்லிவிட்டேன்.

மறுநாளே கீழச்சிவல்பட்டியிலிருந்து ஒரு வாடிக்கைக்கார ஆச்சி மாவத்தலோடு வந்துவிட்டார். பெட்டியில் இடம் இருக்கிறதாமே, அங்கே இருக்கும் மகனுக்குக் கொஞ்சூண்டு. அடுத்து ஒரு வாத்தியார், மகளுக்கு முறுக்கு. பிறத்தியார் பொட்டலத்தை வாங்காதீர்கள் என்று எத்தனை பேருக்கு உபதேசம் செய்திருக்கிறேன்! எல்லாரும் என் வண்டியை நம்புகிறவர்கள், எப்படி மறுப்பது? ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்த்து எடை போட்டு வைத்தேன், முப்பது சரியாக வந்தது. வண்டி கிளம்பும்போது பக்கத்துத் தெருக்காரர் ஓடிவந்து ஜன்னல் வழியாக ஒரு மிளகாய்ப்பொடிப் பொட்டலத்தை உள்ளே போட்டார். அதற்கு எடை பார்க்க நேரமில்லை.

கடைசியில் அந்தக் கண்ணாடிக் கதவுக்குப் பெட்டியை இழுத்துக்கொண்டு செல்வியே திரும்பி வந்தாள். ஒன்றரைக் கிலோ அதிகம். முதல் தடவை விமானம் ஏறுகிறவள், கண் கலங்கி நிற்கிறாள். எனக்கு ஆத்திரமும் அவமானமும் சேர்ந்து வந்தது. நேரமோ ஓடுகிறது. ஊரார் பொட்டலத்தை எடுத்தால் நாளைக்கு யார் முகத்தில் முழிப்பது? பெட்டியைத் திறந்ததும் மேலே தெரிந்த வேட்டிக் கட்டை எடுத்தேன். பழந்துணிதானே, அங்கே நல்ல துணியாக வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன்.

செல்வி என் கையிலிருந்து அதை வெடுக்கென்று பிடுங்கினாள். மாவத்தல், முறுக்கு, மிளகாய்ப்பொடி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்து என் நெஞ்சோடு அடுக்கினாள். வேட்டியை உள்ளே வைத்துப் பெட்டியைப் பூட்டினாள். "பொடியும் முறுக்கும் கடையில கிடைக்கும்னு நீங்கதான ஊருக்கெல்லாம் சொல்றீக? நீங்க கட்டிக் கட்டி நைஞ்ச வேட்டி எந்தக் கடையில கிடைக்கும்?"

பொட்டலங்களோடு ஊர் திரும்பி வீடு வீடாகப் போனேன். ஒருவரும் வாங்கவில்லை, கிளம்பினது கிளம்பினதுதானாம். ராத்திரி கவிதா வீடியோ போனில் கூப்பிட்டாள். அவள் மடியில் வேட்டிக் கட்டு இருந்தது, ஒரு வேட்டியைப் பிரித்து முகத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இத்தனை வருஷமாக ஊரையே விமானம் ஏற்றிவிட்டுத் திருச்சியைத் தாண்டாத நான் கட்டிலுக்கு அடியில் ஊரார் முறுக்குக்குக் காவல் இருக்க, என் கிழிந்த வேட்டி முந்திக்கொண்டு சிங்கப்பூர் போய்விட்டது.