சிவானந்தம் அண்ணையின் சுடுதண்ணீர்

சிவானந்தம் அண்ணை நாள் முழுவதும் சுடுதண்ணீரில்தான் கை வைத்துக்கொண்டு நிற்பார். ரெஸ்ரோரன்ரில் கோப்பை கழுவுகிற வேலை. வீட்டுக்கு வந்தால் குளிக்கச் சுடுதண்ணீர் கிடையாது. நாங்கள் ஏழு பேர் இருந்த வீட்டில் ஒரேயொரு சின்னச் சுடுதண்ணீர்த் தாங்கி. மூன்று பேர் குளித்தால் கையை விரித்துவிடும். நான்தான் எப்போதும் முதல் ஆள். எனக்கு வெட்கம் கிடையாது. மொன்றியல் குளிரில் வெட்கம் பார்த்தால் விறைத்துத்தான் சாகவேண்டும். உள்ளே யாராவது சுணங்கினால் கதவைத் தட்டித் தட்டியே ஆளை வெளியே எடுத்துவிடுவோம். அண்ணை மட்டும் ஒருநாளும் தட்டமாட்டார். கடைசியாகப் போய், பல்லைக் கடித்துக்கொண்டு நாலு பேணி பச்சைத் தண்ணீர் வார்த்துவிட்டு வருவார்.

அப்படிப்பட்ட மனிசன் எண்பத்தேழாம் ஆண்டு மாரி தொடங்க, தாங்கியில்லாத ஹீற்றர் ஒன்று பூட்டப்போகிறேன் என்றார். குழாயில் ஓடும்போதே தண்ணீரைச் சுடவைத்துவிடுமாம். எத்தனை பேர் குளித்தாலும் முடியாதாம். ஆனால் அது எங்களுக்காக இல்லை. திருகோணமலையில் தனியாக இருந்த தாய் நல்லம்மாவை இங்கே கூப்பிட வேண்டும். அவ முட்டு வருத்தக்காரி. பச்சைத் தண்ணீர் தலையில் பட்டால் மூச்சு இழுக்கும்.

கீழ்வீட்டில் இருந்த வீட்டுக்காரி செலீன் மறுப்புச் சொல்லவில்லை. பூட்டினது வீட்டோடு நிற்கும், கழற்றிக்கொண்டு போகக்கூடாது என்று மட்டும் சொன்னா. குழாய் வேலை தெரிந்த மட்டக்களப்பு அல்பேட் வந்து பார்த்தான்.

"அண்ணை, மாரியில இஞ்ச குழாயில ஐஸ் தண்ணிதான் வரும். சின்ன மெஷின் போட்டா வெதுவெதுப்பாத்தான் விடும். பெரிசெண்டா வயர் எல்லாம் புதுசா இழுக்கவேணும். உங்கட அகதி வழக்கு முடிஞ்சுதோ?"

"இல்லை."

"பேந்து உங்களைத் திருப்பி அனுப்பினா செலீன்தான் சுடுதண்ணியில குளிக்கப் போறா."

அவன் சொன்னதிலும் பிழையில்லை. வழக்கு முடியாமல் தாயைக் கூப்பிட ஏலாது. அது எப்போது முடியும், எப்படி முடியும் என்று கேட்க ஒரு ஆளும் இல்லை. அண்ணை ஒருநாள் பூட்டுவம் என்பார், மறுநாள் பொறுப்பம் என்பார். கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

"பூட்டுறதெண்டால் பூட்டுங்கோ, இல்லாட்டி விடுங்கோ!" என்று ஒருநாள் எரிந்து விழுந்தேன்.

"நான் என்னடாப்பா செய்ய? எனக்கே நான் இஞ்ச இருப்பனோ தெரியாது," என்றார்.

என்னுடைய வழக்கும் அப்படித்தான் கிடந்தது.

மாசியில் ஒரு ஞாயிறு கொழும்பிலிருந்து ரெலிபோன் வந்தது. நல்லம்மா போய்விட்டா. அண்ணையால் கொள்ளி வைக்கப் போகவும் முடியாது. போனால் திரும்பி வர விடமாட்டார்கள். ஆனால் சாவுச் செய்தி கேட்டால் தலை முழுகித் தோய வேண்டும். திருகோணமலையில் இருந்தாலும் ஒன்றுதான், மொன்றியலில் இருந்தாலும் ஒன்றுதான். எங்கள் வீட்டுச் சாவாக நினைத்து நாங்களும் அவரோடு தோய நின்றோம். அன்றைக்குத்தான் அவரை முதல் ஆளாக விட்டோம்.

"தாங்கி நிறையக் கிடக்கு அண்ணை. நல்லாச் சுடச்சுடத் தோயுங்கோ," என்று துவாயை நீட்டினேன்.

குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. தாங்கி எப்போதோ காலியாகி, பச்சைத் தண்ணீர்தான் வந்துகொண்டிருக்கும். அந்தச் சத்தத்தையும் மீறி அவர் அழுவது கேட்டது. எனக்குத் தாங்கமுடியவில்லை. ஆறு பேர் தோளில் துவாயோடு வாசலில் நின்றோம். ஒருவனும் கதவைத் தட்டவில்லை.

கோடை பிறக்க வழக்கு முடிந்தது. அண்ணை கனடாவில் இருக்கலாம். அல்பேட் விழுந்தடித்துக்கொண்டு வந்தான்.

"இனி யோசிக்க ஒண்டுமில்லை அண்ணை. பெரிய மெஷினே பூட்டுவம்."

அண்ணை துவாயும் கையுமாக, வழக்கம்போல எல்லோருக்கும் பின்னால் குளிக்கக் காத்திருந்தார்.

"ஆருக்கு?" என்றார்.